பட்டியல் போட்ட பாட்டி!

குட்டீஸ்... உங்கள் வீட்டில் உள்ள பொருட்களை எல்லாம், ஒன்று விடாமல் எழுதச் சொன்னால் எழுதி விடுவீர்களா? இரண்டு அறை முடிவதற்குள் கை வலித்து விடும் இல்லையா!

ஆனால், 1601ம் ஆண்டிலேயே, அறை அறையாகச் சென்று, கட்டில், மெத்தை, மேஜை, திரைச்சீலை என, எல்லாவற்றையும் பட்டியல் எழுத வைத்தார் ஒரு பாட்டி. அவர் தான், இங்கிலாந்தைச் சேர்ந்த, 'ஹார்ட்விக் பெஸ்!'

டெர்பிஷயர் பகுதியில், 1527ம் ஆண்டு வாக்கில் பிறந்தார் பெஸ். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்து விட்டார், குடும்பம் கஷ்டப்பட்டது. சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவரும், 1544ல் இறந்து விட்டார். சட்டப்படி தனக்குச் சேர வேண்டிய பங்கை, வழக்கு போட்டுத் தான் வாங்கினார். சொத்துக் கணக்கில் கவனமாக இருக்கப் பழகி விட்டார்.

பின், மேலும் மூன்று முறை திருமணம் செய்தார். நான்காவது கணவர், ஷ்ரூஸ்பரி பிரபு. அந்தத் திருமணத்தை ஒட்டி, 1567 வாக்கில் ஒரு மேஜை செய்யப்பட்டது. வேறு வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்து, இசைக் கருவிகள், சீட்டுக்கட்டு, விளையாட்டுப் பலகைகளை எல்லாம் அதில் படமாக்கி இருந்தனர்.

ஸ்காட்லாந்து ராணி மேரியைச் சிறை காக்கும் பொறுப்பு, பிரபுவிடம் இருந்தது. அப்போது, ராணியும், பெஸ்சும் ஒன்றாக உட்கார்ந்து பூத்தையல் போட்டனர் என்றால் ஆச்சரியம் தானே!

பிரபு, 1590ல் இறந்தார். பெரும் பணக்காரியான பெஸ், ஹார்ட்விக் மாளிகையைக் கட்டி, 1597ல் குடியேறினார். கண்ணாடி மிக விலை உயர்ந்த அக்காலத்தில், சுவரை விட ஜன்னலே அதிகம் என்று சொல்லும்படி கட்டினார். கோபுர உச்சிகளில், தன் பெயரின் முதல் எழுத்துக்களைக் கல்லில் பொறித்தார்.

ஆடம்பரம் செய்தாலும், சிக்கனத்தை மறக்கவில்லை. படங்கள் நெய்த, 13 பிரமாண்ட சுவர்த்திரைகளை வாங்கினார். அவற்றில், முன்பு வைத்திருந்தவரின் குடும்பச் சின்னம் இருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்து, தன் சின்னம் வரைந்த துணியை அதன் மேல் ஒட்டி மறைத்து விட்டார். கெட்டிக்காரப் பாட்டி!

உயில் எழுதியபோது தான், அந்தப் பட்டியலைத் தயாரித்தார். வாரிசுகள், பொருட்களை ஈரமும், பூச்சியும் அண்டாமல் காப்பாற்ற வேண்டும் என்றும் எழுதி வைத்தார். 1608ல் மறைந்தார்.

வாரிசுகள் காப்பாற்றினர். 1959ல் மாளிகை, 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளையிடம் வந்தது. அந்த, 13 திரைகளையும் சுத்தம் செய்து, கிழிசல் தைத்து முடிக்க, 24 ஆண்டுகள் ஆனது. 2023ல் தான் வேலை முடிந்தது. மரம் பதித்த மேஜையும் அங்கே இருக்கிறது. எந்தப் பொருள், எந்த அறையில் இருந்தது என்பதை, இன்றும் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்து கொள்கின்றனர்.

என்ன குட்டீஸ்... உங்கள் வீட்டிலும் தாத்தா, பாட்டி காலத்துப் பொருள் ஏதாவது இருக்கும். அது யாருடையது, எப்போது வாங்கியது என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்களேன்!