டம்ளரில் அலை வளையம் கண்ட ஐனோ ஆல்ட்டோ

பின்லாந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோவை உலகம் அறியும். அவருடைய மனைவி ஐனோ அம்மையாரை அந்த அளவுக்கு அறியாது. ஆனால் பழைய கண்ணாடிச் சாமான் சேகரிப்பவர்களைக் கேட்டால் கதை வேறு. அவர்கள் கடை கடையாகத் தேடுவதில் அம்மையாரின் டம்ளரும் ஒன்று. சாதாரணக் குடும்பத்தினர் தண்ணீர் குடிப்பதற்கென்று செய்யப்பட்ட மலிவான டம்ளர்தான் அது!

ஐனோ 1894-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். தந்தை ரயில்வே ஊழியர். (நம்ம ஆள் என்று இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) பின்லாந்து அப்போது ரஷ்ய ஜார் மன்னரின் ஆளுகையில் இருந்தது. குடும்பப் பெயர் மான்டலின். 1906-ல் ஏராளமான குடும்பங்கள் பின்னிஷ் மொழிப் பெயருக்கு மாறியபோது இவர்களும் மார்சியோ என்று மாற்றிக்கொண்டனர்.

பெண்கள் கட்டிடக் கலை படிப்பது அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், ஐனோ 1920-ல் பட்டம் பெற்றார். 1924-ல் யுவாஸ்குலா என்ற ஊரில் ஆல்வாரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பின்பு அவரையே மணந்தார். கணவர் அவரைவிட நான்கு வயது இளையவர். இரண்டு குழந்தைகள் பிறந்தன. வீட்டையும் அலுவலகத்தையும் சேர்த்தே கவனித்தார். இருவரும் கலந்து செய்த வேலைகளில் எது யாருடையது என்று பிரிப்பது இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குச் சிரமமாகவே இருக்கிறது. பெயர் மட்டும் பெரும்பாலும் கணவருக்கே போயிற்று.

சந்தேகத்துக்கு இடமின்றி அம்மையாருடையது என்று சொல்லக்கூடியது கண்ணாடிச் சாமான்தான். 1932-ல் கார்ஹூலா-இட்டாலா கண்ணாடித் தொழிற்சாலை ஒரு போட்டி நடத்தியது. வாயால் ஊதிச் செய்யும் கண்ணாடி விலை அதிகம். அச்சில் அழுத்திச் செய்வது மலிவு. உருகிய கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து ஓர் உலக்கையால் அழுத்துவார்கள். மும்பை டீக்கடையில் நம் கைக்கு வரும் பட்டை போட்ட கிளாஸ் இந்த இனந்தான். ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. குளிர்ந்த இரும்பு பட்டதும் கண்ணாடியின் மேல்பரப்பு வழவழப்பை இழக்கும். அச்சுப் பொருத்தின் கோடு தெரியும். உள்ளே காற்றுக் குமிழும் நிற்கும். இவற்றை மறைக்கப் பழைய தொழிற்சாலைகள் பூவும் கொடியுமாக அச்சில் செதுக்கி நிரப்பின.

ஐனோ பூவையும் கொடியையும் தள்ளிவிட்டார். டம்ளரைச் சுற்றிப் படிப்படியாக வளையங்களை மட்டும் வைத்தார். குளத்தில் கல் விழுந்தால் விரியும் வளையம் போன்றவை அவை. அந்த வளையங்களே குறைகளை மறைத்தன. கைக்கும் நல்ல பிடி கிடைத்தது. அலங்காரம் என்று தனியாக ஒன்றும் இல்லை. பொருளின் வேலையே அதன் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற அக்காலப் புதுக் கொள்கைக்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஜாடி, டம்ளர், கிண்ணம், தட்டு, சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை எல்லாம் ஒரே வரிசையாக அமைந்தன. அலையைக் குறிக்கும் பெல்கெப்ளிக் என்று அதற்குப் பெயர். அழுத்துக் கண்ணாடிப் பிரிவில் கிடைத்தது இரண்டாம் பரிசு. 1936-ல் இத்தாலியின் மிலான் கண்காட்சியிலோ தங்கப் பதக்கமே கிடைத்தது.

1935-ல் கணவரோடும் நண்பர்கள் இருவரோடும் சேர்ந்து ஆர்டெக் என்ற மேஜை நாற்காலி நிறுவனத்தைத் தொடங்கினார். வடிவமைப்புப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1941-ல், யுத்தத்தின் நடுவில், நிர்வாக இயக்குநர் பொறுப்பும் சேர்ந்தது. மரத்துக்கும் துணிக்கும் தட்டுப்பாடான அந்த ஆண்டுகளில் நிறுவனத்தை மூடாமல் காத்ததைப் பலர் மறந்துவிட்டார்கள்.

1949 ஜனவரி 13-ந் தேதி புற்றுநோயால் காலமானார். 55 வயது நிறையப் பன்னிரண்டே நாட்கள் இருந்தன.

இட்டாலா நிறுவனம் பிற்காலத்தில் அதே டம்ளரை ஐனோ ஆல்ட்டோ என்று அவர் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே சேகரிப்பவர்களுக்குப் பழையதையும் புதியதையும் பிரித்தறிவதே பெரிய வேலை. டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, நிறச் சாயல், குமிழ், அச்சுக் கோடு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். வளையங்கள் மறைத்த அதே குறைகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.