கார்ல் வான் ஓயின்ஹவுசன் சரிதம்

நீராவி யந்திரத்தை நினைத்தால் ஜேம்ஸ் வாட்டும், இருப்புப்பாதையை நினைத்தால் ஜார்ஜ் ஸ்டீவன்சனும் நம் நினைவிற்கு வருகின்றனர். நிலத்தைத் துளையிட்டு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் இறங்கும் தொழிலை நினைக்குங்கால் அவ்வாறு ஒரு பெயர் நம் நாவில் எழுவதில்லை. ஜெர்மனியில் ஒரு நகரமே தம் பெயரால் விளங்கும் பேறு பெற்ற கார்ல் வான் ஓயின்ஹவுசன் என்பார் அவ்விடத்திற்கு உரியவர் என்பது எம் கருத்து. அவர் ஆக்கியது பெரிய யந்திரமன்று. சங்கிலியின் இரண்டு நீண்ட கண்ணிகளை ஒன்றனுள் ஒன்றாகக் கோத்தாற் போன்ற எளிய இரும்புப் பொருளே. ஆயினும் அப்பொருள் தோன்றுவதற்கு முன்னர், துளையிடுங் கருவிகள் பாறையை உடைத்ததைக் காட்டிலும் தம்மைத் தாமே உடைத்துக்கொண்டதுதான் மிகுதி.

இவர் 1795-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெஸ்ட்பாலியா நாட்டுக் கிரேவன்பர்க் என்னும் மாளிகையில், பழமையான பிரபு குடும்பத்தில் பிறந்தார். செல்வர் குடியிற் பிறந்தோர் பலர் படையையோ அரசவையையோ நாடிய அக்காலத்தில், இவர் பிரஷ்ய அரசாங்கத்தின் சுரங்க இலாகாவை நாடினார். கல்லும் மண்ணுமே இவருக்கு ஏடுகளாயின. 1822-இல் மேல் சைலீசியா நாட்டின் நில அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் ஹைன்ரிக் வான் டெகன், லா ரோஷ் என்னும் இருவருடன் கூடி ரைன் நதிப் பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்து, 1825-இல் அவ்வாராய்ச்சியையும் நூலாக்கினார்.

1826, 1827-ஆம் ஆண்டுகளில் டெகனும் இவரும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் யாத்திரை செய்தனர். ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்று இரண்டாண்டுகள் நிரம்பாத காலம் அது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் பாதைகளிலும் நின்று, தண்டவாளங்கள், வண்டிச் சக்கரங்கள், இழுவை யந்திரங்கள் ஆகியவற்றின் அமைப்பையும் அளவையும் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பியபின் 1829-இல் இங்கிலாந்தின் இருப்புப்பாதைகளைப் பற்றிய நூலொன்றை இருவரும் வெளியிட்டனர். தங்கள் நாட்டு ரயில்களின் இளமைப் பருவத்தை அறிவதற்கு ஆங்கிலேயரே இந்த ஜெர்மானியர் இருவரின் நூலைத் தேடி, 1971-இல் தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டனர் எனின், அக்குறிப்புகளின் செம்மையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்டதை அளந்து எழுதும் இப்பழக்கமே பின்னாளில் இவருக்குப் பெருந்துணையாயிற்று.

இனி உப்பின் கதைக்கு வருவோம். வெஸ்ட்பாலியாவில் வேசர், வெர்ரே என்னும் ஆறுகள் கூடுமிடத்திற்கு அருகே ரேமெ என்றொரு சிற்றூர் உளது. 1745-இல் அங்கே சூல்டெமையர் என்னும் குடியானவரின் பன்றிகள் ஒரு சேற்றுக் குட்டையிற் புரண்டு வீடு திரும்பின என்றும், சேறு உலர்ந்தபின் அவற்றின் முதுகில் வெள்ளிய உப்புப் பூத்திருந்தது என்றும் அவ்வூரார் கூறுவர். தங்கள் ஊரின் வாழ்வு பன்றிகளால் வந்தது என்று சொல்லிக்கொள்ள அவர்கள் சிறிதும் நாணவில்லை. அக்குடியானவருக்கும் பன்றிகளுக்கும் உருவமைத்து ஒரு நீரூற்றே எழுப்பியுள்ளனர். அப்பகுதி பிரஷ்ய மன்னரான பெரிய பிரடெரிக்கின் ஆளுகைக்கு உட்பட்டதாதலின், சில ஆண்டுகளில் அங்கே அரசாங்க உப்பாலை ஒன்று எழுந்தது. அதற்கு நியூசால்ஸ்வெர்க், அஃதாவது புதிய உப்பாலை, என்று பெயர்.

கடல் நீரைப் பாத்தியில் நிறுத்திக் கதிரவன் கையில் ஒப்படைத்துவிடும் நமக்கு, குளிர் நாட்டார் உப்பிற்குப் பட்ட பாடு எளிதில் விளங்காது. நிலத்தடி உவர் நீரை இறைத்து, உயர அடுக்கிய முட்செடிக் கட்டுகளின் மீது வடியவிட்டுக் காற்றினாற் சிறிது வற்றச்செய்து, எஞ்சியதை விறகிட்டுக் காய்ச்சுவர். நீரில் உப்புச் செறிவு குறைந்தால் விறகுச் செலவு வருவாயை விழுங்கிவிடும். ஆதலின் செறிந்த உவர் நீரையோ, இயலுமாயின் நிலத்தினடியில் உப்புப் பாறையையோ கண்டடைதல் அவ்வாலைக்கு உயிர்நிலையாயிற்று. 1830-இல் ஓயின்ஹவுசனின் பொறுப்பில் அங்கே ஆழ்துளை ஒன்று தொடங்கப்பெற்றது.

அக்காலத்தில் துளையிட்ட முறையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். இன்று போல் உளி சுழன்று குடைவதில்லை; மேலிருந்து விழுந்து குத்தும். அடியில் எஃகு உளி. அதன் மேல் திருகு மரையால் ஒன்றோடொன்று பிணைத்த இருப்புத் தண்டுகள் வரிசையாக நிலத்தின் மேல்மட்டம் வரை வந்து, ஏற்றம் போன்றதொரு நெம்புமரத்தில் தொங்கும். நெம்புமரத்தை ஆட்கள் அமிழ்த்தத் தண்டு எழும்பும், விட்டவுடன் விழும். ஒவ்வொரு குத்திற்கும் பின் தண்டைச் சிறிது திருப்புவர். இல்லையேல் துளை வட்டமாக அமையாது. உடைந்த கற்றூளை அவ்வப்போது வாரியெடுப்பர்.

நூறடி ஆழத்தில் இம்முறை செவ்வனே நடக்கும். ஆழம் மிக மிக இடர் மிகும். ஓரங்குலச் சதுரமுள்ள இருப்புத் தண்டு மீட்டர் ஒன்றிற்கு ஏறத்தாழ 5 கிலோ நிறையுள்ளது என்று கணக்கிடலாம். அங்ஙனமாயின் 100 மீட்டர் ஆழத்தில் தண்டின் நிறை 500 கிலோ. 600 மீட்டரில் 3000 கிலோ. பாறையை உடைக்க வேண்டியது உளியின் அடி ஒன்றே. ஆனால் உளி நின்ற கணத்தில் அதன் மேலுள்ள 3000 கிலோ இரும்பும் விழுந்த வேகத்தோடு அதன் தலையில் வந்து மோதும். அவ்வதிர்ச்சி கீழிருந்து மேலாகத் தண்டெங்கும் ஓடும். கொடிபோல் நீண்ட தண்டு அதனைத் தாங்கமாட்டாது வளையும். வளைந்து துளையின் சுவரில் இருபுறமும் அறையும். சுவர் இடிந்து விழும். மரைகள் தளர்ந்து தெறிக்கும். நாள்தோறும் பல்லாயிரம் முறை அடிபட்ட இரும்பு, பார்வைக்குக் குறையொன்றுமின்றியே திடீரென ஒடியும். வலியுண்டாகும் என்றெண்ணி நிறையைக் கூட்டக் கூட்ட, அவ்வலி கருவியையே அழித்தது. இதுதான் அத்தொழிலின் பெருஞ் சிக்கல்.

ஒடிந்தபின் படும் அல்லல் பெரிது. அதே காலத்தில் பாரிஸ் நகரத்துக் கிரெனெல் என்னுமிடத்தில் முலோ என்பார் தண்ணீருக்காகத் துளையிட்டுக் கொண்டிருந்தார். 1837-இல் துளை 400 மீட்டரைக் கடந்திருந்த சமயம், தண்டு அறுந்து கருவியோடு அடியில் வீழ்ந்தது. கண்ணாற் காணவொண்ணாத இருளில், ஒரு சாண் அகலமே உள்ள குழியினுள், வீழ்ந்த இரும்பைத் தேடிப் பற்றி வெளியிலெடுக்க ஓராண்டிற்கு மேலாயிற்று. 1841-இல் 548 மீட்டர் ஆழத்தில் நீர் பீறிட்டெழுந்தபோது நகரமே திரண்டு கண்டு மகிழ்ந்தது. அந்நீர் எழாதிருப்பின் முலோவின் பெயரை நகைப்போடன்றி எவர் சொல்லியிருப்பர்?

நியூசால்ஸ்வெர்க்கிலும் ஆழம் கூடக்கூட இச்சிக்கல் எதிர்ப்பட்டது. தண்டை இன்னும் தடிப்பாக்குதல் எவர்க்கும் முதலில் தோன்றும் வழி. தடித்தால் நிறை கூடும்; நிறை கூடினால் அதிர்ச்சி கூடும். ஓயின்ஹவுசன் வேறு வழி கண்டார். அடிக்க வேண்டிய பகுதியையும் தாங்க வேண்டிய பகுதியையும் பிரித்துவிட்டால் என்ன என்பது அவர் எண்ணம். 1834-இல் அவர் அமைத்த கருவிக்கு ஜெர்மன் மொழியில் வழுக்குக் கத்தரி என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. கத்தரி என்றாலும் அஃது எதனையும் வெட்டுவதில்லை. ஒன்றனுள் ஒன்று கோத்து மேலுங் கீழும் வழுக்கும் இரண்டு நீண்ட இரும்புக் கண்ணிகளே அது. கீழ்க்கண்ணியில் உளியும் அதற்கு நிறையூட்டும் தடித்த இரும்புத் துண்டும் பிணைந்திருக்கும். மேற்கண்ணியில் நீண்ட தண்டு பிணைந்திருக்கும்.

தண்டை உயர்த்தினால் கண்ணிகள் இறுகி உளியும் உடன் எழும். விட்டால் இரண்டும் விழும். உளி பாறையில் மோதி நின்றுவிடும். மேற்கண்ணியோ நில்லாது, இடைவெளியுள்ளமட்டும் கீழே வழுக்கிச் செல்லும். அவ்விடைவெளி தீருமுன், மேலே நெம்புமரத்தில் எதிர்நிறை பூண்டுள்ள தண்டு மெல்லத் தடைப்பட்டு நின்றுவிடும். ஆகவே அடி முழுதும் பாறைக்கு. அதிர்ச்சியில் மிகச் சிறு பங்கே தண்டிற்கு. கண்ணிகள் நெருங்கப் பொருந்தியிருத்தலின், தண்டைத் திருப்பினால் உளியும் திரும்பும். யாவற்றினும் சிறந்த பயன், ஆழம் எத்துணையாயினும் அடியின் வலிமை ஒரேயளவாய் இருத்தல். உளியின் நிறையையும் விழும் உயரத்தையும் பாறைக்குத் தக்கவாறு அமைத்துக்கொண்டால் போதும்; மேலே நூறு மீட்டர் தண்டு உளதா, அறுநூறு மீட்டர் உளதா என்பது உளியைப் பொறுத்தமட்டில் ஒன்றே.

இதன் நுட்பத்தை நம் மகளிர் உலக்கையிற் காணலாம். நெற்குத்துவோர் உலக்கையை உயர்த்தும்போது இறுகப் பற்றுவர்; அது உரலில் விழுங் கணத்தில் பிடியைச் சற்றே நெகிழவிடுவர். நெகிழவிடத் தெரியாது குத்துவோர்க்கு நாழிகைக்குள் உள்ளங்கை கொப்புளித்துத் தோளும் கடுக்கும். கை செய்த அந்நெகிழ்ச்சியை நிலத்தினடியில் இரும்பே செய்யுமாறு அமைத்தார் ஓயின்ஹவுசன்.

அமெரிக்காவில் கனாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உப்புக் கிணறு துளைத்துவந்த வில்லியம் மாரிஸ் என்பாரும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இதனையொத்த கருவியை அமைத்தார் என்பதை மறைத்தல் முறையன்று. இருவரும் உப்பையே தேடினர். இருவருக்கும் ஒரே இடர் நேர்ந்தது. இருவரும் ஒரே வழியை எட்டினர். முதன்மை எவருடையது என்று வழக்காடுவதில் எமக்கு விருப்பமில்லை. ஐரோப்பாவில் இம்முறை பரவியது ஓயின்ஹவுசனின் கருவியாலேதான். பின்வந்த கார்ல் கோட்ஹெல்ப் கிண்ட் என்னும் ஜெர்மானியர் இன்னுமொருபடி சென்று, உளி தண்டினின்று முற்றிலும் விடுபட்டுத் தனியே விழுமாறும், மீண்டும் தண்டே இறங்கி அதனைக் கவ்வி எடுக்குமாறும் அமைத்தார். தண்டின் நிறையைக் குறைக்க மரத்தையும் பயன்படுத்தினார்.

நிற்க. நியூசால்ஸ்வெர்க்கின் துளை 1845-இல் ஏறத்தாழ 696 மீட்டர், அஃதாவது 2280 அடிக்கு மேற்பட்ட ஆழத்தை எட்டியது. உலகில் அதனினும் ஆழ்ந்த துளை அந்நாளில் இல்லை என்று ஐரோப்பியர் எழுதினர். அவ்வெழுத்தை நாம் அப்படியே ஏற்றல் ஆகாது. சீன தேசத்து ஜிகோங் நகரில், மூங்கிற் கயிற்றில் உளியைத் தொங்கவிட்டுக் குத்தும் பழைய முறையால், 1835-லேயே ஓர் உப்புக் கிணறு 1000 மீட்டரைக் கடந்திருந்தது. கயிறு நெகிழ்வதாதலின் அங்கே தண்டு ஒடியும் துன்பமே இல்லை. இதனை அறியாமலே மேனாட்டார் தம்மை முதல்வரெனக் கருதினர்.

அன்றியும், ஓயின்ஹவுசன் தேடிய உப்புப் பாறை அங்கே அகப்படவேயில்லை. பதினைந்து ஆண்டுகள் அரசாங்கப் பொருளைச் செலவிட்டு ஆழ்ந்த துளையினின்று வந்தது, கரியமிலவாயு கலந்து நுரைத்தெழும் வெதுவெதுப்பான உவர் நீர். சுரங்க அதிகாரி ஒருவர்க்கு இது தோல்வியென்றே கணக்கிற் பதியத்தக்கது. ஆயின் அந்நீரில் மூழ்கியோர் உடல் நோவு தணிந்ததாகக் கூறவே, நோயாளர் வரத் தொடங்கினர். உப்பாலை பின்னடைய, நீராடுதுறை முன்வந்தது. 1848-இல் நான்காம் பிரடெரிக் வில்லியம் மன்னர் அத்துறைக்கு ஓயின்ஹவுசனின் பெயரையே சூட்டினார். 1860-இல் அது நகரமாயிற்று. இன்றும் பாட் ஓயின்ஹவுசன் என்று வழங்குகின்றது. தேடியதைக் காணாதவரின் பெயரை, காணாத இடத்திற்கே இட்ட அம்மன்னரின் பெருந்தன்மையை எண்ண வியப்பு மேலிடுகின்றது.

ஓயின்ஹவுசன் பின்னர்ப் பிரஷ்ய சுரங்க இலாகாவின் மாகாணத் தலைமைப் பதவியை எய்தி, முதலில் சைலீசியாவின் பிரீக் நகரிலும் பின் டார்ட்மண்டிலும் பணியாற்றினார். 1865 பிப்ரவரியில், எழுபது வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில், பிறந்த கிரேவன்பர்க் மாளிகையிலேயே உயிர் நீத்தார்.

குத்தித் துளைக்கும் முறை பெரும்பாலும் மறைந்து, சுழன்று துளைக்கும் முறை இன்று நிலவுகின்றது. எனினும் பழைய பகை போகவில்லை. நீண்ட குழல் மேலுங் கீழும் குதித்தும், பக்கச் சுவரில் அறைந்தும், முறுக்கேறிச் சிக்கிப் பின் விடுபட்டும் மூவகையாய் அதிர்கின்றது. அவ்வதிர்ச்சியை உறிஞ்சும் வில்லமைப்புகளை உளிக்கு மேலே பொருத்துகின்றனர். அதிர்வை அளக்கும் நுண்கருவிகளையும் உள்ளே அனுப்புகின்றனர். ருஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி 12,262 மீட்டர் ஆழ்ந்த துளையில், அடியில் உளியை மட்டும் சேற்றுநீரின் வேகத்தாற் சுழலச் செய்து, மேலுள்ள குழலைச் சுழற்றும் வேலையைப் பெரும்பாலும் தவிர்த்தனர். வழுக்குக் கத்தரியின் வழித்தோன்றலும் எண்ணெய்க் கிணறுகளில் இன்றும் உளது. ஆனால் அதன் தொழில் தலைகீழாகிவிட்டது. நிலத்தினடியில் குழல் சிக்கிக்கொண்டால், இடைவெளியில் வழுக்கவிட்டு ஓங்கி ஓர் அடி கொடுத்து அதனை விடுவிக்கின்றனர். அதிர்ச்சியைத் தடுக்கப் பிறந்த கருவி, இப்போது வேண்டுமென்றே அதிர்ச்சியூட்டுவதற்காகப் பல கிணறுகளினுள்ளும் இறங்குகின்றது.