விற்காமல் தங்கிய ஒரு பழைய ஆஸ்டின்... லோட்டஸ் கார்களை உருவாக்கிய கோலின் சாப்மேன் யார்?

1947-ம் வருஷக் கடைசி. உலகப்போர் முடிஞ்சு இரண்டு வருஷம் ஆகியும் பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன்தான். சொந்தக் கார் வச்சிருந்தவர்களுக்குக் கொடுத்துவந்த கொஞ்ச நஞ்ச அளவையும் அரசு நிறுத்தியது. ஓட்ட முடியாத காரை யார் வாங்குவார்கள்? செகண்ட் ஹேண்ட் கார்களின் விலை மளமளவெனச் சரிந்தது. அப்படி அடிவாங்கியவர்களில் ஒருவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த 19 வயது மாணவர். படிப்புக்கு நடுவே பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். வாங்கி வைத்த கார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சேர்த்த லாபமெல்லாம் போச்சு. ஒரே ஒரு பழைய ஆஸ்டின் 7 மட்டும் கையில் நின்றுவிட்டது.

அந்த மாணவர்தான் கோலின் சாப்மேன். விலைபோகாத அந்தக் காரைப் பிரித்து மேய்ந்ததில் பிறந்ததுதான் லோட்டஸ்.

ஃபார்முலா 1-ல் ஓட்டுநர்களுக்கான பட்டம் 6 முறை, கார் தயாரிப்பாளருக்கான பட்டம் 7 முறை. சாப்மேன் உயிரோடு இருந்தவரை லோட்டஸ் அணி வென்றது இவ்வளவு. அதே கார்களில் எத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்பதும் அவர் வாழ்க்கைக் கதையில் சேர்ந்ததுதான்.

ஆஸ்டின் 7-ல் அப்படி என்ன இருந்தது?

பெருசாக ஒன்றும் இல்லை. அதுதான் விஷயமே! 1922-ல் வந்த சின்னக் குடும்பக் கார். 747 சிசி என்ஜின், ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி ஒரு சேஸி, முன்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். 1939 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதனால் போருக்குப் பிறகு பிரிட்டனில் மூலைக்கு மூலை மலிவாகக் கிடைத்தது. உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. காசில்லாத கார் பைத்தியங்களுக்கு அதுவே பாடசாலை. மெக்லாரன் அணியை உருவாக்கிய புரூஸ் மெக்லாரனும் நியூசிலாந்தில் ஒரு பழைய ஆஸ்டின் 7-ல்தான் போட்டியைத் தொடங்கினார்.

1928 மே 19-ல் பிறந்த சாப்மேன் வளர்ந்தது வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில். அப்பா அங்கே ரயில்வே ஹோட்டலை நடத்திவந்தார். மகன் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் படித்தது ஆட்டோமொபைல் அல்ல, கட்டுமானப் பொறியியல். கணக்கில் தவறி, மறுபடி எழுதித்தான் பட்டம் வாங்கினார். கல்லூரிக் காலத்திலேயே விமானமும் ஓட்டக் கற்றுக்கொண்டார். பாலம், விமானம் இரண்டிலும் எந்த இடத்தில் எவ்வளவு சுமை விழுகிறது, எங்கே உலோகம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. காரையும் அவர் அந்தக் கண்ணோடு பார்த்தார்.

காதலி ஹேசல் வீட்டுக்குச் சொந்தமான ஒரு சின்ன கேரேஜில் வேலை தொடங்கியது. பழைய பாடியைக் கழற்றி வீசினார். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புதுப் பாடி. அது சும்மா மூடி மட்டும் அல்ல, சேஸியோடு சேர்ந்து வளைவையும் முறுக்கையும் தாங்கும்படி செய்தார். 1948-ல் தயாரான இந்தக் காருக்குத்தான் லோட்டஸ் என்று பெயர் வைத்தார். ஏன் அந்தப் பெயர் என்பதை அவர் கடைசிவரை வெளியே விளக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் 'ட்ரையல்ஸ்' போட்டிகள் பிரபலம். சேறும் கல்லுமான மேட்டில் நிற்காமல் ஏறணும், அவ்வளவுதான். சாப்மேனும் ஹேசலும் இந்த லோட்டஸில் போய்ப் பரிசும் வாங்கினார்கள். சாதாரண ரோட்டிலும் அதுவேதான் ஓடியது. ரோட்டுக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என இரண்டு கார் வைத்துக்கொள்ளும் வசதி அப்போது யாருக்கும் இல்லை.

அடுத்து தார்ப் பாதை ரேஸ். இங்கேதான் சாப்மேனின் நிஜ முகம் தெரிகிறது. ஆஸ்டின் 7 என்ஜினில் சிலிண்டர் நாலு. ஆனா காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வழி இரண்டுதான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று இழுக்கும்போது இன்னொன்றுக்குப் பங்கு குறையும். சாப்மேன் அந்த வாசலுக்குள்ளேயே ஒரு தடுப்புத் தகட்டைச் செருகி, நாலு சிலிண்டருக்கும் தனித்தனி வழி கிடைக்கிற மாதிரி செய்துவிட்டார். இப்படிச் செய்யக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. 1951-ல் 750 மோட்டார் கிளப் நடத்திய பந்தயங்களில் அவருடைய மூன்றாவது கார் மற்றவர்களை ஓரங்கட்டியது. கிளப் பிறகு விதியைத் திருத்தி இந்த வித்தைக்குத் தடை போட்டது. விதியில் இருக்கும் ஓட்டையைத் தேடுவதும், அது அடைபட்டதும் அடுத்த ஓட்டைக்குப் போவதும் அவருக்குக் கடைசிவரை பழக்கம். 1981-ல் இரட்டைச் சேஸி வைத்த லோட்டஸ் 88-க்கும் இதே கதிதான்.

25 பவுண்டு கம்பெனி

1952 ஜனவரி 1. ஹேசல் கொடுத்த 25 பவுண்டில் லோட்டஸ் இன்ஜினியரிங் தொடங்கியது. இடம், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். அலுமினிய நிறுவன வேலையை சாப்மேன் உடனே விடவில்லை. பகலில் ஆபீஸ், ராத்திரியில் லாயம்.

முதலில் விற்பனைக்கு வந்த மார்க் 6-ன் வெறும் சட்டகம் 25 கிலோதான். ஒரு சிமென்ட் மூட்டையின் பாதி எடை! மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த சட்டகம். வாங்குகிறவர் ஒரு பழைய ஃபோர்டு காரிலிருந்து என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸிலைக் கழற்றி இதில் பொருத்திக்கொள்ளணும். 1957-ல் அதன் வாரிசாக வந்ததுதான் இன்றும் பேசப்படும் லோட்டஸ் செவன். தயாரான காருக்கு பிரிட்டனில் அப்போது கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அது கிடையாது. அதனால் பலர் இதைப் பெட்டிகளாகத்தான் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் மைதானத்துக்குப் போய், ரேஸ் ஓட்டி, அதிலேயே வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்கும் போகலாம்.

எடையைக் குறைப்பதில் சாப்மேன் ஏன் இவ்வளவு பிடிவாதம்? என்ஜின் சக்தியைக் கூட்டினால் லாபம் பெரும்பாலும் நேர் பாதையில்தான். எடையைக் குறைத்தால் வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது எல்லாமே லேசாகிவிடும். டயர், பிரேக் தேய்மானமும் குறையும். சின்ன என்ஜின் போதும், அதற்குச் சின்ன டேங்க் போதும், எடை இன்னும் குறையும். ஒன்றைத் தொட்டு ஒன்று. பழைய காரை ரேஸுக்குத் தயார்செய்கிற யாரும் இன்றைக்கும் முதலில் பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றுவது இதனால்தான்.

ஆனா ஒரு சிக்கல். சும்மா தொங்கும் உலோகத்தை எடுத்தால் பிரச்னை இல்லை. அவசரத்துக்குத் தாங்குவதற்காகக் கூடுதலாக வைத்திருந்த உலோகத்தையும் சேர்த்து எடுத்தால்?

லோட்டஸ் கார்கள் பாதுகாப்பானவையா?

1960 மே மாதம் மொனாக்கோவில் ஸ்டிர்லிங் மோஸ் ஒரு தனியார் அணியின் லோட்டஸில் ஜெயித்தார். ஃபார்முலா 1-ல் லோட்டஸ் காருக்கு அதுதான் முதல் வெற்றி. மூன்றே வாரத்தில் பெல்ஜியத்தின் ஸ்பா மைதானம். பயிற்சியில் மோஸின் காரில் பின்சக்கரம் தனியாகக் கழன்று போனது. அவரது கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லர் ஓட்டிய லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு உடைந்து, கார் மரங்களுக்குள் பாய்ந்தது. உயிர் பிழைத்த டெய்லர் லோட்டஸ் மீது வழக்குப் போட்டு இழப்பீடும் வாங்கினார்.

பிறகு வெற்றிகள் குவிந்தன. 1962-ல் வந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு, விமான உடல் மாதிரி தகடுகளே சுமை தாங்கும் அமைப்புக்கு மாறியது. ஒருவகையில் பிளைவுட் ஆஸ்டினின் பேரன். அதில் 1963-ல் உலகப் பட்டம் வென்ற ஜிம் கிளார்க், 1965-ல் மறுபடியும் வென்றார். சாப்மேனுக்கு அவர் வெறும் ஓட்டுநர் மட்டும் அல்ல, நெருங்கிய நண்பர். 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா 2 ரேஸில் கிளார்க்கின் லோட்டஸ் மரங்களில் மோதியது. அவர் பிழைக்கவில்லை. டயரில் காற்று இறங்கியதே காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. சாப்மேன் நொறுங்கிப்போனார். ஆனாலும் அந்த வருஷப் பட்டம் லோட்டஸின் கிரஹாம் ஹில்லுக்கே.

அடுத்த வருஷம் பார்சிலோனாவில் லோட்டஸின் இரண்டு கார்களிலும் பின் இறக்கை உடைந்தது. ஹில், யோகன் ரிண்ட் இருவரும் விபத்தில் சிக்கினார்கள். ரிண்ட் சாப்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது, பலவீனமான பாகங்களில் சில கிலோ கூட்டுங்கள், எனக்கு இந்தக் காரில் நம்பிக்கை வரணும் என்பதே அதன் சாரம். 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்சா. பயிற்சியில் ரிண்டின் லோட்டஸ் 72 தடுப்பு வேலியில் மோதியது. முன்பக்க பிரேக் தண்டு உடைந்ததே தொடக்கம் என்றும், உயிரைப் பறித்தது சரியாகப் பொருத்தப்படாத வேலிதான் என்றும் இத்தாலிய விசாரணை சொன்னது. சாப்மேன் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த வருஷ உலகப் பட்டம் இறந்துபோன ரிண்டுக்கே கிடைத்தது. ஃபார்முலா 1 வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

அந்தக் காலத்தில் மற்ற அணிகளிலும் ஓட்டுநர்கள் இறந்தார்கள், உண்மைதான். ஆனா ஓட்டுநரே கேட்ட சில கிலோ பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது.

சாப்மேனின் கடைசி நாட்களும் சுத்தமாக இல்லை. டெலோரியன் கார் திட்டத்தில் வடிவமைப்பு வேலை லோட்டஸுக்கு வந்தது. பிரிட்டன் அரசின் உதவியோடு நடந்த அந்தத் திட்டத்தில் கோடிக்கணக்கான பணம் வேறு வழியில் போனது விசாரணையில் தெரிந்தது. அதற்குள், 1982 டிசம்பர் 16-ல், 54 வயதில் மாரடைப்பால் சாப்மேன் இறந்துவிட்டார். 1992-ல் லோட்டஸின் நிதிப் பொறுப்பில் இருந்த ஃபிரெட் புஷெல் சிறைக்குப் போனார். சாப்மேன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குப் பத்து வருஷமாவது தண்டனை கொடுத்திருப்பேன் என்ற பொருளில் நீதிபதி பேசினார்.

அந்தக் கார்கள் இப்போ எங்கே?

செவன் மாடலின் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் வாங்கியது. இன்னமும் தயாரிக்கிறது. 1962-ல் வந்த இலான் காரின் ஃபைபர் பாடி துருப்பிடிக்காது. ஆனா உள்ளே இருக்கும் முதுகெலும்பு மாதிரியான ஸ்டீல் சேஸி பிடிக்கும். அதனால் பழைய இலான் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் கீழே குனிந்து சேஸியைப் பார்ப்பார்கள். புது சேஸி மாற்றிய இலான்கள் ஏராளம்.

பழைய ரேஸ் கார்களை நார்ஃபோக்கின் ஹெதலில் சாப்மேனின் மகன் கிளைவ் நடத்தும் கிளாசிக் டீம் லோட்டஸ் பராமரிக்கிறது. இந்த வகைக் கார்களைக் கண்ணால் பார்த்து நம்ப முடியாது. சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புகள், தண்டுகளை எல்லாம் கழற்றி, நுண்ணிய விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கணும். நல்லா இருக்கிற மாதிரி தெரிந்தாலும், ஓடிய நேரம் கணக்கைத் தாண்டினால் பாகத்தை மாற்றணும். அறுபதுகளில் அவசரத்தில் விட்டுப்போன வேலையை இப்போது பொறுமையாகச் செய்கிறார்கள் என்று சொல்லலாம்.

அந்த முதல் ஆஸ்டின் மட்டும் இல்லை. அடுத்தடுத்த கார்களுக்குப் பணம் வேண்டியிருந்ததால் 1950-ல் விளம்பரம் கொடுத்து சாப்மேன் அதை விற்றுவிட்டார். வடக்கே யாரோ வாங்கிப்போனதோடு தடயம் நின்றுவிட்டது. 2018-ல் கிளைவ் பொதுமக்களிடம் வேண்டுகோள் வைத்தார். பழைய கேரேஜ், கொட்டகை எங்கேயாவது அப்படி ஒரு கார் கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பதிவு எண் ஓஎக்ஸ் 9292.