இரத்தத்தைச் சாட்சிக்கு அழைத்த விடால்

டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலைக் கண்டறியச் செய்யும் இரத்தச் சோதனை ஒன்றுக்கு விடால் சோதனை என்று பெயர். விடால் என்பது மருந்தின் பெயரன்று. ஒரு மருத்துவரின் பெயர். அவரைப் பற்றிச் சிம்பாங் பூலாய் மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

ஃபெர்னாண்டு விடால் 1862ஆம் ஆண்டு அல்ஜீரியாவின் டெல்லிஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். பாரிஸ் மாநகரில் மருத்துவம் பயின்று, அங்கேயே பேராசிரியராக உயர்ந்தார்.

அந்நாளில் குடற்காய்ச்சலைத் தொடக்கத்தில் இனங்காண்பது அரிது. மலேரியாவும் காய்ச்சல்தான், இதுவும் காய்ச்சல்தான். நம் தோட்டங்களிலும் காய்ச்சல் என்றால் கொயினா என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கொயினா இந்நோயைத் தீர்க்காது. நாள் கடந்து, குடல் புண்ணாகித் துளை விழுந்தால் உயிருக்கே கேடு.

இந்நோயின் கிருமியைச் செருமனியைச் சேர்ந்த ஏபெர்த் 1880இல் கண்டிருந்தார். ஆயினும் நோயாளியின் உடலில் அதனைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. விடால், கிருமியைத் தேடாமல், அதனோடு போராடிய இரத்தத்தையே சாட்சிக்கு அழைத்தார். இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரைச் சீரம் என்பர். நோயாளியின் சீரத்தில் டைபாய்டு கிருமிகளைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், நீந்தித் திரிந்த கிருமிகள் ஓய்ந்து, பால் திரிந்தாற்போல் திரள் திரளாக ஒட்டிக்கொள்ளும். 1896இல் இதனைப் பாரிஸ் மருத்துவர் சங்கத்தில் அறிவித்தார். கிருமிகள் இவ்வாறு திரள்வதை வியன்னாவில் குரூபரும் டர்ஹாமும் சற்று முன்னரே கண்டிருந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது. ஆயினும் அதனை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்ததில் விடாலின் பங்கே பெரிது.

இச்சோதனைக்குக் குறையும் உண்டு. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் போதிய அளவு சேர ஏறத்தாழ ஒரு வாரமாகும். அதற்குள் சோதித்தால், நோய் இருந்தும் இல்லையென வரலாம். முன்பு போட்ட தடுப்பூசியால், இல்லாத நோய் உண்டென வருவதும் உண்டு. ஆதலின் முதல் வாரத்திலேயே இரத்தமெடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதையே இன்று மருத்துவர்கள் பெரிதும் நம்புகின்றனர். வீட்டில் எஞ்சிய கிருமிக்கொல்லி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சென்றால், கிருமி வளராமல் சோதனை பொய்க்கவும் கூடும்.

சிறுநீரக நோயால் உடல் வீங்கியோர் உப்பைக் குறைக்க வேண்டும் என்பதை ஆய்ந்து காட்டியவர்களுள்ளும் விடால் ஒருவர். 1929இல் அவர் பாரிசில் மறைந்தார். 1990களில் கிளந்தானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வாளர்கள் டைபிடாட் என்னும் சோதனையை உருவாக்கினர். அதுவும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. சில மணி நேரத்தில் விடை தருகிறது.