தாஷ்கண்டில் தலைமை வகித்த சென்னைக்காரர்
எம்.பி.டி. ஆச்சாரியாவின் வாழ்க்கை

பவானிபூர்: இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி எங்கே பிறந்தது என்று கேட்டால், 1925-ல் கான்பூரில் என்பார் சிலர். பம்பாய் என்றும் கல்கத்தா என்றும் சொல்வோர் உண்டு. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1920 அக்டோபர் 17-ம் தேதி, மத்திய ஆசியாவிலுள்ள தாஷ்கண்ட் நகரில் ஏழு பேர் கூடி அந்தப் பெயரில் ஒரு கட்சியை அமைத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியினர் அந்த நாளைத்தான் கட்சியின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். 2020-ல் நூற்றாண்டும் கொண்டாடினார்கள்.

அந்த ஏழு பேரில் வங்காளத்து எம்.என். ராயின் பெயரை எல்லோரும் அறிவர். நடவடிக்கைக் குறிப்பில் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டவர் ஒரு சென்னைக்காரர் என்பதை அறிந்தவர் சிலரே. அவர்தான் மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சாரியா. சில மாதங்களிலேயே அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஏன் நீக்கினார்கள், நீங்கியதால் அவர் எதிலிருந்து தப்பினார் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

பாரதியாரின் பத்திரிகையில்

ஆச்சாரியா 1887-ல் சென்னையில் பிறந்தார். மைசூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்த மண்டயம் ஐயங்கார் குடும்பம் அது. தந்தையார் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். மகாகவி பாரதியார் ஆசிரியராக இருந்த "இந்தியா" வாரப் பத்திரிகையை நடத்தியவர்களும் இந்த மண்டயம் குடும்பத்தினரே.

1908-ல் வெள்ளைக்கார அரசு ராஜத் துரோக வழக்குப் போட்டு, பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த ஸ்ரீநிவாசனைச் சிறையில் தள்ளியது. பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அங்கே சென்றது. ஆச்சாரியாவும் சென்று அச்சு வேலையிலும் நிர்வாகத்திலும் உதவினார். எழுதியதற்காக ஒருவரைச் சிறையில் போடும் அரசு எப்படிப்பட்டது என்பதை அவர் இருபத்தொரு வயதிலேயே கண்ணெதிரில் பார்த்துவிட்டார்.

புதுச்சேரியிலும் பிரிட்டிஷ் போலீசாரின் கண்காணிப்பு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். மீண்டும் தாய்நாட்டு மண்ணை மிதிக்க அவருக்கு 26 ஆண்டுகள் ஆயின.

நாடு நாடாக

லண்டனில் இந்தியா ஹவுஸ் என்னும் விடுதியில் வ.வே.சு. ஐயர், சாவர்க்கர் ஆகியோருடன் தங்கினார். அங்கே பழக்கமான மற்றொருவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா. கவியரசி சரோஜினி நாயுடுவின் உடன்பிறந்த தம்பி. கல்கத்தாவில் படித்துப் பட்டம் பெற்றவர். நண்பர்கள் அவரைச் சட்டோ என்று அழைப்பார்கள். ஆச்சாரியாவும் சட்டோவும் பின்னர் பல நாடுகளில் ஒன்றாகப் பாடுபட்டார்கள்.

ஸ்பெயினை எதிர்த்த மொராக்கோ மக்களோடு சேர்ந்து போர்ப் பயிற்சி பெற 1909-ல் ஆச்சாரியா புறப்பட்டார். அது கைகூடவில்லை. பிறகு பாரிஸ், பெர்லின், கான்ஸ்டாண்டிநோபிள், நியூயார்க் என்று அலைந்தார். முதல் உலக யுத்தத்தின்போது பெர்லினில் இருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவில் சட்டோவுடனும், நம் செண்பகராமன் பிள்ளையுடனும் பணியாற்றினார். 1917-ல் சட்டோவுடன் ஸ்வீடன் சென்று ஸ்டாக்ஹோமிலிருந்து இந்தியாவுக்காகப் பிரசாரம் செய்தார்.

அந்த ஆண்டுதான் ருஷ்யாவில் புரட்சி வந்தது. அடிமை நாடுகளுக்கு விடுதலை என்று முழங்கிய புதிய அரசின்மீது இந்தியப் புரட்சியாளர்கள் பெரும் நம்பிக்கை வைத்தார்கள். 1919-ல் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்த குழுவில் ஆச்சாரியாவும் இருந்தார். பின்னர் காபூலுக்குச் சென்று, அப்துர் ரப் என்பவருடன் சேர்ந்து இந்தியப் புரட்சிச் சங்கம் ஒன்றை அமைத்தார். அங்கிருந்து தாஷ்கண்ட்.

தாஷ்கண்டில் பிளவு

கிலாபத் கிளர்ச்சியின்போது, 1920-ல், வெள்ளையர் ஆட்சியில் வாழ்வது மார்க்கத்துக்கு உகந்ததல்ல என்று ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் இந்தியாவை விட்டு ஆப்கானிஸ்தானம் சென்றார்கள். முஹாஜிர்கள் எனப்பட்ட அவர்களில் ஒரு பகுதியினர் மலைகளையும் ஆற்றையும் கடந்து தாஷ்கண்ட் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அங்கே ராணுவப் பள்ளி ஒன்று நடத்தப்பட்டது. அவர்கள் வந்தது நாட்டுக்காகவும் மதத்துக்காகவும். அங்கே கற்பிக்கப்பட்டதோ மதத்துக்கு இடம் தராத தத்துவம்.

கட்டுப்பாடான கம்யூனிஸ்ட் கட்சி வேண்டும், மாஸ்கோவில் உள்ள கம்யூனிஸ்ட் அகிலத்தின் வழியில் அது நடக்க வேண்டும் என்பது ராயின் கட்சி. முதல் வேலை வெள்ளையனை வெளியேற்றுவது, அதற்கு எந்த மதத்தினரும் எந்தக் கொள்கையினரும் சேர்ந்து உழைக்கலாம் என்பது ஆச்சாரியாவின் கட்சி. கட்சிக்கு எதிராகப் பேசுவோரை ஆதரித்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1921 ஜனவரியில் அவர் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அங்கிருந்து மாஸ்கோ சென்றவர் புதிய ஆட்சி நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபை 1918 ஜனவரியில் ஒரு நாள் கூடிய உடனேயே கலைக்கப்பட்டிருந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் மூடப்பட்டிருந்தன. 1921 மார்ச்சில், சோவியத்துகளுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்ட கிரான்ஸ்டாட் துறைமுக மாலுமிகள் பீரங்கி கொண்டு அடக்கப்பட்டார்கள். இவர்கள் 1917-ல் புரட்சிக்கு முன்னணியில் நின்ற அதே துறைமுகத்தார். அதே மாதத்தில், கட்சிக்குள் தனிக் கோஷ்டி கூடாது என்று கட்சி மாநாடு தடை போட்டது. வெளியே எதிர்க்கட்சி இல்லை. உள்ளேயும் மறு பேச்சு இல்லை.

மாஸ்கோவில் மக்தா நாக்மன் என்ற ருஷ்ய ஓவியரை ஆச்சாரியா மணந்தார். 1922 இறுதியில் இருவரும் பெர்லினுக்கு வெளியேறினார்கள்.

வழிபாட்டுக்கு வந்த சட்டம்

அவர்கள் விட்டு வந்த நாட்டில் பிறகு நடந்தவற்றை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1929 ஏப்ரலில் மதச் சங்கங்களைப் பற்றி ஒரு சட்டம் வந்தது. இருபது பேராவது சேர்ந்து பதிவு செய்துகொண்டால் குறிப்பிட்ட கட்டடத்தில் தொழுகையோ பூஜையோ செய்யலாம். அவ்வளவுதான். குழந்தைகளுக்கு மத வகுப்பு நடத்தக் கூடாது. உறுப்பினர்களுக்குப் பண உதவி செய்யக் கூடாது. தர்ம காரியம் கூடாது. தனி வாசகசாலை கூடாது.

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நாம் மாதச் சந்தா பிரித்துக் கோயில் கட்டுகிறோம். பஜனை மண்டலி வைக்கிறோம். ஊருக்குப் போக முடியாமல் படுத்துவிட்டவருக்கு அந்தப் பணத்திலிருந்து உதவுகிறோம். இதில் அந்தப் பண உதவிக்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

மாஸ்கோவின் பெரிய மாதா கோயிலான மீட்பர் கிறிஸ்து தேவாலயம் 1931-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. மத்திய ஆசியாவில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அங்குள்ள மொழிகளின் அரபு எழுத்து மாற்றப்பட்டு லத்தீன் எழுத்து வந்தது. பிறகு அதையும் மாற்றி ருஷ்ய எழுத்து வந்தது. தாத்தா படித்த மார்க்க நூலைப் பேரன் படிக்க முடியாமல் போயிற்று.

1936-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் இருந்தன. மத விஷயத்தில் அதன் 124-வது பிரிவு வழிபாட்டுக்கு உரிமை தந்தது. மதத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்யவும் உரிமை தந்தது. மதத்துக்காகப் பிரசாரம் செய்யும் உரிமையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

நண்பரின் முடிவு

ஆச்சாரியா வெளியேறினார், சட்டோ உள்ளே போனார். ஏகாதிபத்திய எதிர்ப்பு லீகின் செயலாளராக ஐரோப்பாவில் உழைத்த சட்டோ 1931-ல் சோவியத் நாட்டுக்குச் சென்றார். லெனின்கிராடில் விஞ்ஞானக் கழகத்தின் இனவியல் நிலையத்தில் வேலை பார்த்தார். 1937 ஜூலையில் கைது செய்யப்பட்டார். செப்டம்பர் 2-ம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். தாஷ்கண்டில் ஆச்சாரியாவோடு கட்சி அமைத்த எழுவரில் ஒருவரான அபனி முகர்ஜி அதே ஆண்டு அக்டோபரில் சுடப்பட்டார். வங்காளத்தின் சிராஜ்கஞ்சைச் சேர்ந்த குலாம் அம்பியா கான் லோஹானி 1938-ல் சுடப்பட்டார். அவ்விரண்டு ஆண்டுகளில் மட்டும் 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சோவியத் போலீசின் கணக்கே காட்டுகிறது.

வெள்ளைக்காரன் பிடிக்குத் தப்பிய இந்தியர்கள், தாங்கள் நம்பிப் போன இடத்தில் இப்படி மாண்டார்கள். வக்கீல் வைக்க வழியில்லை. செய்தி போடப் பத்திரிகை இல்லை. சொந்தக்காரருக்குத் தகவல் இல்லை. சட்டோவின் முடிவு பல ஆண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது.

அதே 1937-ல், அதே மாதங்களில், ஆச்சாரியா பம்பாயில் உட்கார்ந்து தம் புரட்சி நினைவுகளைப் பூனாவின் "மராட்டா" பத்திரிகையில் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பெர்லினை விட்டு, 1935-ல் அவர் தாயகம் திரும்பியிருந்தார். மனைவியும் பின்னர் வந்து சேர்ந்தார்.

ஒரே முதலாளி

பெர்லின் நாள்களிலிருந்தே ஆச்சாரியா அராஜகவாதி எனப்பட்டார். கலகம் செய்பவர் என்று பொருளல்ல. அரசாங்கம் என்ற மேலதிகாரமே இல்லாமல் தொழிலாளர்கள் தாங்களே கூடி வாழலாம் என்பது அக்கொள்கை. அது நடக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் சோவியத் ஆட்சியை அவர் குறை கூறியது முதலாளிகளின் பக்கம் நின்று அல்ல. தொழிலாளியின் பக்கம் நின்று. எல்லாத் தொழிலும் அரசாங்கத்துக்குச் சொந்தமானால் தொழிலாளிக்கு நாடு முழுவதும் ஒரே முதலாளிதான் மிஞ்சுவான் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த முதலாளியிடமே போலீசும் கோர்ட்டும் பத்திரிகையும் யூனியனும் இருந்தால், குறையைச் சொல்ல எங்கே போவது? ஆபீசில் மெமோ வாங்கி, யூனியனிடம் ஓடி, அங்கும் முடியாமல் கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. மக்தா 1951 பிப்ரவரியில் பம்பாயில், தமது ஓவியக் கண்காட்சி திறக்கவிருந்த நாளில் காலமானார். காச நோயால் தளர்ந்த ஆச்சாரியா மனைவியின் ஓவியங்களை விற்று நாளைக் கடத்தினார். 1954 மார்ச் 20-ம் தேதி காலமானார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எம்.என். ராய் காலமாகியிருந்தார். ராயும் 1929-ல் கம்யூனிஸ்ட் அகிலத்திலிருந்து நீக்கப்பட்டு, கடைசியில் கட்சி ஆட்சியே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர். நீக்கியவரும் நீக்கப்பட்டவரும் ஒரே ஆண்டில், சொந்த நாட்டில், இயற்கையான சாவு அடைந்தார்கள். அவர்களோடு இருந்தவர்களில் பலருக்கு அது வாய்க்கவில்லை.

நமக்கு உள்ளது

இங்கே மேற்கு வங்கத்தில் இடதுசாரிகள் 1977-ல் ஓட்டுப் பெட்டி வழியாக ஆட்சிக்கு வந்தார்கள். 34 ஆண்டுகள் ஆண்டார்கள். 2011-ல் ஓட்டுப் பெட்டி வழியாகவே இறங்கினார்கள். அவர்கள் ஆட்சியின் நிறைகுறைகளை எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் தினமும் எழுதின. கொடியின் நிறம் ஒன்றாக இருந்தாலும் தாஷ்கண்டுக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பவானிபூரில் ஹரீஷ் முகர்ஜி சாலை இருக்கிறது. அவுரி பயிரிட்ட விவசாயிகளுக்காக வெள்ளைத் தோட்ட முதலாளிகளை எதிர்த்து எழுதி, 1861-ல் இளவயதிலேயே மறைந்த பத்திரிகை ஆசிரியரின் பெயர் அது. அதே சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. சுற்றுவட்டத்தில் துர்க்கா பூஜைப் பந்தல் எழும்புகிறது. சுவரில் எல்லாக் கட்சி எழுத்தும் இருக்கிறது. அன்றாடம் பார்ப்பதால் இவை நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கூட்டத்தில் ஒருவன் எழுந்து மாற்றுக் கருத்துச் சொல்லும்போது, அவன் நமக்குப் பிடிக்காதவனாக இருந்தாலும், பேசி முடிக்க விட வேண்டும். தாஷ்கண்ட் கட்சியின் தலைவருக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.