மதுரை மணி ஐயர்: மறைந்து அரை நூற்றாண்டு தாண்டியும் ‘லைவ்’வாகக் கேட்கிறார்களே, ஏன்?

எப்போதோ நடந்த கச்சேரி, பல வருஷம் கழித்து லைவ் ஆல்பமாக வருவது ராக் ரசிகர்களுக்குப் புதுசில்லை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1977-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்தது, ரசிகர்களிடம் டேப்பாகவே சுற்றி, 2017-ல்தான் அதிகாரபூர்வ ஆல்பமானது. நம்ம ஊரில் அதற்கு நெருக்கமான கதை, மதுரை மணி ஐயருடையது.

யார் இவர்?

1912-ல் மதுரையில் பிறந்தவர். அப்பாவுடன் பிறந்த புஷ்பவனம், அந்தக் காலத்தில் பெயர்பெற்ற பாடகர். மணி ஐயர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் இசைப் பள்ளியில் தேர்ந்தார். பார்வை ரொம்பவே மங்கியபோதும் மேடையை விடவில்லை. 1959-ல் சங்கீத கலாநிதி. 1960-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1968-ல் மறைந்தார்.

இசைத்தட்டு போதவில்லையா?

போதவில்லை. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிஷம்தான் அடங்கும். மணி ஐயரின் பலமோ கல்பனாஸ்வரம். கணக்கைக் காட்டி மிரட்டாமல், தாளத்தோடு இயல்பாக ஓடும் ‘சர்வலகு’ ஸ்வரங்கள். அது சூடுபிடிக்கவே நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொடுத்தவை, ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்த கச்சேரிகள். பின்னாளில் அவற்றில் சில கேசட்டாகவும் சிடியாகவும் வந்தன. திருச்சி பக்கத்து லால்குடி ஜெயராமன் வயலினில் பதில் சொல்லும் பதிவுகள் இன்றும் கொண்டாடப்படுகின்றன. ஸ்வரம் தெரியாதவரும் தலையாட்டுவார். தெரிந்தவர் திரும்ப ஓடவிட்டுக் கேட்பார். கடைசியில் வரும் ‘இங்கிலீஷ் நோட்’டுக்குத் தனி ரசிகர் பட்டாளமே உண்டு.

குறையே இல்லையா?

உண்டு. இரைச்சல், தூரத்து மைக், பாதியில் அறுந்த பாட்டு. அதைவிடப் பெரிய குறை ஒன்று. ஸ்பூல் ரெக்கார்டர் இங்கே வீடுகளுக்குப் பரவியபோது மணி ஐயர் நாற்பதைத் தாண்டிவிட்டார். ஆக, இளவயது மணி ஐயர் இந்த டேப்புகளில் கிடைக்கமாட்டார். இவற்றை மட்டும் வைத்து அவர் குரலை எடைபோடுவது அரைத் தீர்ப்புதான்.

ஆனால் ஸ்டுடியோ போல இங்கே ரீடேக் கிடையாது. அன்று சபையில் நடந்தது அப்படியே இருக்கிறது. அவர் பாணியை மேடையில் தொடர்ந்த மருமகன் டி.வி.சங்கரநாராயணனும் 2022-ல் மறைந்துவிட்டார். இனி மணி ஐயரை அறிய விரும்புபவருக்கு முக்கியச் சாட்சி, யாரோ ஒரு ரசிகர் அன்று அழுத்திய அந்த ரெக்கார்ட் பட்டன்தான்.