மேழி பிடித்த பாவலர் ராபர்ட் பர்ன்ஸ்

உழவரைப் பற்றிப் பாடிய புலவர் பலர். பகலெல்லாம் உழுது, இரவில் அவ்வுழவையே பாட்டாக்கிய புலவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் நிற்பவர், ஸ்காட்லாந்து நாட்டின் தேசியக் கவிஞராகப் போற்றப்பெறும் ராபர்ட் பர்ன்ஸ். உழவுக்கென ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்துத் தந்த மொழியில் பிறந்தோர்க்கு அவர் வாழ்க்கை அயலார் கதையாகத் தோன்றாது. நான்கு பண்ணைகளில் அவர் உழைத்தார். நான்கும் அவருக்குச் செல்வம் தரவில்லை. ஆயினும், அந்நிலங்கள் கற்பித்த பாடங்களே அவர் கவிதைக்கு வித்தாயின. அப்பாடங்களுக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

களிமண் குடில்

அயர்ஷயர் வட்டாரத்து அல்லோவே என்னும் சிற்றூரில், 1759 ஜனவரி 25ஆம் நாள் பர்ன்ஸ் பிறந்தார். தந்தை வில்லியம், வடகிழக்குப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே வந்த தோட்டக்காரர். ஏழு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதில் தம் கையாலேயே களிமண் சுவர் எழுப்பிக் குடில் கட்டினார். குழந்தை பிறந்த சில நாள்களில் வீசிய புயலில் அக்குடிலின் சுவர் ஒருபுறம் சரிந்தது. தாயையும் சேயையும் இருளிலேயே அண்டை வீட்டுக்குக் கொண்டுசென்று காத்தனர்.

தாய் ஆக்னஸ் எழுத அறியாதவர். ஆனால் நாட்டுப்பாடல்களின் கருவூலம். வீட்டிலிருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், பேய்க் கதைகளையும் சூனியக்காரிக் கதைகளையும் எண்ணற்ற வகையில் சொல்லவல்லவர். தாயின் பாட்டும் அம்மூதாட்டியின் கதையும் சிறுவனின் செவிவழியே நெஞ்சில் இறங்கின.

தந்தையோ கல்வியில் நாட்டமுடையவர். 1765இல் அண்டை வீட்டார் நால்வரோடு சேர்ந்து, மர்டாக் என்னும் பதினெட்டு வயது இளைஞரை ஆசிரியராக அமர்த்தினார். அவ்வாசிரியர் ராபர்ட்டையும் தம்பி கில்பர்ட்டையும் ஒப்பிட்டு, ராபர்ட்டுக்கு இசைச் செவி இல்லை என்றும் குரல் இசைக்கு இணங்காது என்றும் மதிப்பிட்டார். பின்னாளில் உலகம் பாடும் பாடல்களைத் தந்தவரைப் பற்றிய முதல் மதிப்பீடு இதுவே! இளம் கவிஞரை எடைபோட முனைவோர் நினைவிற்கொள்ளத் தக்க செய்தி இது.

கல் நிலமும் மெழுகுவர்த்தியும்

1766இல் குடும்பம் மவுண்ட் ஆலிபண்ட் என்னும் எழுபது ஏக்கர்ப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. முதல் ஆறாண்டுகளுக்கு ஆண்டுக் குத்தகை 40 பவுன். அதன்பின் 45 பவுன். அந்நிலத்தைப்போல் சத்தற்ற மண்ணைத் தாம் கண்டதில்லை எனக் கில்பர்ட் பிற்காலத்தில் எழுதினார். கூலியாள் வைக்க வழியில்லை. பல ஆண்டுகள் அவ்வீட்டில் இறைச்சி என்பதே இல்லை. ராபர்ட் பதின்மூன்று வயதில் கதிரடித்தார். பதினைந்து வயதில் பண்ணையின் முதன்மை உழவரானார். வளரும் எலும்புகள் சுமக்கத்தகாத பாரத்தைச் சுமந்தன. அண்ணனைப் பின்னாளில் வாட்டிய மனச்சோர்வுக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் இவ்வுழைப்பே பெரிதும் காரணம் என்பது கில்பர்ட்டின் உறுதியான கருத்து.

அவ்வறுமையிலும் தந்தை ஒன்றை மட்டும் கைவிடவில்லை. குளிர்கால இரவுகளில் மெழுகுவர்த்தி ஒளியில் மக்களுக்குக் கணக்குக் கற்பித்தார். நிலநூலும் இயற்கை நூலும் இரவல் பெற்றுத் தந்தார். வயலில் உடன் உழைக்கையில், வளர்ந்த ஆடவரோடு உரையாடுவதுபோல் மைந்தரோடு உரையாடினார். வறுமை வயிற்றுக்கு வரலாம், அறிவுக்கு வரலாகாது என்பதே அப்பண்ணை கற்பித்த முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கசப்பானது. நிலவுடைமையாளர் மறைந்தபின் பண்ணைப் பொறுப்பேற்ற காரியஸ்தர், குத்தகைப் பாக்கிக்காக அச்சுறுத்தும் மடல்களை விடுத்தார். அம்மடல் வரும்போதெல்லாம் வீடே கண்ணீர் வடித்தது. அக்காட்சியைச் சிறுவர் மறக்கவில்லை. இரு நாய்கள் உரையாடுவதாகப் பின்னாளில் அவர் எழுதிய அங்கதக் கவிதையில் அக்காரியஸ்தர் அழியாச் சித்திரமாக நிற்கிறார்.

அதே பண்ணையில்தான் கவிதையும் பிறந்தது. கதிரறுப்பில் ஆணும் பெண்ணும் இணையாக நின்று அறுப்பது அந்நாட்டு வழக்கம். பதினைந்தாம் வயது அறுவடையில் தமக்கு இணையாக வாய்த்த சிறுமியின் கையில் தைத்த நெருஞ்சி போன்ற முள்ளைக் களைந்தபோது இளைஞர் நெஞ்சு நெகிழ்ந்தது. அவள் விரும்பிப் பாடிய மெட்டொன்றுக்கு அவர் இயற்றியதே முதற்பாடல். மெட்டை முதலில் உள்ளத்தில் நிறுத்தி, அதற்குச் சொல் தேடும் வழக்கம் அன்று தொடங்கி இறுதிவரை நீடித்தது.

தந்தையின் வழக்கு

1777இல் குடும்பம் லாக்லீ என்னும் பண்ணைக்கு மாறியது. 130 ஏக்கர்; ஏக்கருக்கு 20 ஷில்லிங் வீதம் குத்தகை. சதுப்பு நிறைந்த புளித்த மண். இங்கேதான் 1780 நவம்பரில் பர்ன்சும் தம்பியும் நண்பர் சிலரும் கூடி, அருகிலிருந்த டார்போல்ட்டன் ஊரில் திருமணமாகா இளைஞர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். பொருளற்ற உழவன் செல்வமுள்ள, ஆனால் அழகோ இனிய பேச்சோ இல்லாத பெண்ணை மணப்பதா, செல்வமற்ற இனியாளை மணப்பதா என்பது அவர்கள் நிகழ்த்திய வாதங்களுள் ஒன்று. பகல் முழுதும் உழுதவர்கள் மாலையில் கூடிச் சொல்லாடிய அச்சிறு கழகம், இலக்கிய வட்டம் நடத்துவோர் அனைவர்க்கும் உறவுடையது.

ஆனால் நிலம் இரங்கவில்லை. குத்தகை பற்றி நிலவுடைமையாளரோடு எழுந்த பூசல் எடின்பரோ உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1784 ஜனவரியில் தீர்ப்பு தந்தையின் பக்கமே வந்தது. எனினும் வழக்குச் செலவு கைப்பொருளைத் தின்றுவிட்டது. காசநோய் உடலைத் தின்றுவிட்டது. வென்றவர் அடுத்த மாதம் 13ஆம் நாள் கண்மூடினார். கடனாளிச் சிறையிலிருந்து தந்தையை மரணமே காத்தது என மைந்தர் கருதினார். இறக்கும் தறுவாயில் பிள்ளைகளுள் ஒருவனைப் பற்றித்தான் தமக்கு அச்சம் என்று தந்தை சொல்ல, அது தம்மைக் குறிப்பதே என உணர்ந்த ராபர்ட் சாளரத்தின் பக்கம் திரும்பி அழுதார் என்பது அவர்தம் தங்கை வழி வந்த செய்தி.

தந்தையின் சொத்திலிருந்து குடும்பத்துக்கு ஏதேனும் மிஞ்ச வேண்டி, மக்கள் தம் உழைப்புக்குரிய கூலிப் பாக்கிக்காகக் கடன்காரர் பட்டியலில் தாமும் இடம்பெற்றனர். ராபர்ட்டுக்கும் கில்பர்ட்டுக்கும் ஆண்டுக் கூலியாகக் கணக்கிடப்பட்டது ஏழு பவுன். இந்த ஏழு பவுன் அவர் கதையின் இறுதியில் மீண்டும் வரும்.

உழுசாலில் ஓர் எலி

மிஞ்சியதைக் கொண்டு அண்ணனும் தம்பியும் மாஸ்கீல் என்னும் 118 ஏக்கர்ப் பண்ணையை 90 பவுன் குத்தகைக்கு எடுத்தனர். முதலாண்டு விதை பழுது. இரண்டாமாண்டு அறுவடை காலம் தாழ்ந்தது. பாதி விளைச்சல் பறிபோனது. விளைச்சல் பொய்த்த அவ்வாண்டுகளில் கவிதை பொய்க்கவில்லை. 1785 நவம்பரில் உழுதுகொண்டிருக்கையில் அவர் கலப்பை ஓர் எலியின் வளையைக் கிழித்தது. குளிர்காலத்துக்கென அது சேர்த்து அமைத்த கூடு நொடியில் சிதறியது. எலியை அடிக்க ஓடிய ஏவலனை அவர் தடுத்தார் என்பர். குத்தகை நிலத்தில் குடியிருந்து, நாளை வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் வளர்ந்தவருக்கு அவ்வெலி அயல் உயிராகத் தோன்றவில்லை. எலிக்கும், கலப்பையில் நசுங்கிய காட்டுப்பூவுக்கும், சாகும் ஆட்டுக்கும், மூப்படைந்த குதிரைக்கும் அவர் பாடிய பாடல்களில் இரக்கம் மேலிருந்து சொரியவில்லை. உடன் உழைத்த உயிர்களுக்குள் ஊறியது. நிலம் கற்பித்த மூன்றாம் பாடம் இது.

ஆயினும் அப்பாடம் எல்லா இடத்துக்கும் எட்டிவிடவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. கடனும் காதல் சிக்கலும் நெருக்கிய 1786இல், ஜமைக்காத் தீவில் அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டமொன்றில் கணக்கராகப் பணியேற்க அவர் இசைந்திருந்தார். எலியின் துயரை அறிந்தவர், விலைக்கு விற்கப்பட்ட மனிதரின் துயரை அவ்வேளை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏழையின் நெருக்கடி, தன்னினும் ஏழையைக் காணாதபடி கண்ணை மறைக்கும் என்பதற்கு இது சான்று.

அப்பயணம் நிகழாமற் போனது கவிதையால். 1786 ஜூலை 31ஆம் நாள் கில்மார்னக் நகரில் அவர் முதல் நூல் 612 படிகள் அச்சாகி, மூன்று ஷில்லிங் விலையில் வெளிவந்து விரைவில் விற்றுத் தீர்ந்தது.

தலைநகரும் மீண்டும் கலப்பையும்

அவ்வாண்டு நவம்பரில், இரவல் குதிரையில் எடின்பரோ சென்ற இருபத்தேழு வயது உழவரை மேட்டுக்குடியினர் வியந்து வரவேற்றனர். கல்லாத உழவனுக்கு வானமே கவிதை கற்பித்தது என்ற கருத்தை ஹென்றி மெக்கன்சி என்னும் எழுத்தாளர் பரப்பினார். புகழுரைதான், ஆனால் உண்மையன்று. களிமண் குடிலின் பாட்டையும், மர்டாக்கின் பாடத்தையும், தந்தை ஏற்றிய மெழுகுவர்த்தியையும் அப்புகழுரை அணைத்துவிட்டது.

1787இல் வந்த எடின்பரோப் பதிப்பின் வருவாயில் 180 பவுனை எடுத்து, மாஸ்கீல் பண்ணையைக் காக்கத் தம்பிக்குக் கொடுத்தார். எஞ்சியதைக் கொண்டு 1788இல் டம்ஃப்ரீஸ் அருகே நித் ஆற்றங்கரையில் எல்லிஸ்லாந்துப் பண்ணையை ஏற்றார். 170 ஏக்கர்; கண்ணுக்கு இனிய காட்சி; கலப்பைக்குக் கல். பாவலர் தேர்ந்த நிலமேயன்றி உழவர் தேர்ந்த நிலமன்று எனப் பார்த்தவர் சொன்னது பலித்தது. 1789இல் தீர்வை அலுவலராகி, மழையிலும் பனியிலும் வாரந்தோறும் 200 மைல் அளவும் குதிரையில் அலைந்தார். அந்நிலையிலும் 1790இல், அல்லோவேயின் பாழடைந்த தேவாலயத்தைக் களமாகக் கொண்டு, இளமையில் கேட்ட சூனியக்காரிக் கதைகளின் சாயலில் டாம் ஓ ஷாண்டர் என்னும் நெடுங்கவிதையை யாத்தார். 1791இல் பண்ணையைத் துறந்து டம்ஃப்ரீஸ் நகரில் குடியேறினார்.

ஊதியம் கேளாத உழைப்பு

வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளை நாட்டுப்பாடல் தொகுப்புக்கே ஈந்தார். அழிந்துகொண்டிருந்த மெட்டுகளைத் தேடி, சிதைந்த அடிகளைச் செப்பனிட்டு, இல்லாத இடத்தில் தாமே இயற்றி, இசைத்தொகுப்புகளுக்கு நூற்றுக்கணக்கான பாடல்களை அனுப்பினார். அதற்கு ஊதியம் பெற மறுத்தார். தாய் பாடியதற்கு யார் கூலி கொடுத்தார்?

1796 கோடையில் நெஞ்சுநோய் முற்றியது. தன்னார்வப் படையின் சீருடைக்காகத் துணிக்கடைக்குத் தரவேண்டிய ஏழு பவுனைச் சற்றே மிஞ்சிய கடனுக்காகச் சிறை செல்ல நேருமோ என அஞ்சினார். இளமையில் ஓராண்டு முழுதும் உழைத்துப் பெற்ற கூலியின் அளவே அக்கடன். ஊதியம் வேண்டாமென்று பாடிக் கொடுத்தவர், அப்பாடல்களைப் பதிப்பித்தவரிடம் ஐந்து பவுன் வேண்டி மடல் எழுதினார். பணம் வந்தது, உடல் தேறவில்லை. ஜூலை 21ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். அடக்கம் நிகழ்ந்த 25ஆம் நாள் அவர் மனைவி ஜீன் ஓர் ஆண்மகவை ஈன்றார்.

தந்தையை விரட்டிய கடனாளிச் சிறையின் நிழலே மைந்தரையும் இறுதிவரை விரட்டியது. அவ்வகையில் வாழ்க்கை மாறவில்லை. ஆனால் தந்தை ஏற்றிய விளக்கு அணையவில்லை. அல்லோவேயின் குடிலும் எல்லிஸ்லாந்துப் பண்ணையும் இன்று காண்போர் நாடிவரும் நினைவிடங்கள். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில், பழைய நட்பைப் போற்றும் அவர் பாடலை உலகின் பல நாட்டார் கைகோத்துப் பாடுகின்றனர். அதைப் பாடுவோருள் பலர் இயற்றியவர் பெயரும் அறியார். விதைத்தவனை அறியாமலே உண்ணப்படும் சோறுபோல அப்பாடல் வாழ்கிறது. உழவர் மகனாகிய பாவலர்க்கு இதனினும் பொருந்திய புகழ் வேறில்லை.